71ஆவது கேபிள்

நண்பர் ஒருவரின் மகன் வெள்ளவத்தையில் சிறியதொரு கணக்காய்வு அலுவலகம் திறக்க ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறான். சென்ற மாதம் ஒரு மாலையில் என்னை அழைத்துச் சென்று காட்டினான். வர்ணம் பூசி முடிந்திருந்தது. மேசைகள் வந்திறங்கியிருந்தன. ஓர் ஓரத்தில் சுவரில் பொருத்தப்பட்ட இரும்புப் பெட்டி ஒன்றின் கதவைப் பெருமையோடு திறந்தான். உள்ளே 24 நீல நிறக் கேபிள்கள், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல, ஒன்றுக்கொன்று எந்த வேறுபாடும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

"இதில் எது உன்னுடைய அறைக்குப் போகிறது?" என்று கேட்டேன்.

"அது வயரிங் செய்த பெடியங்களுக்குத் தெரியும், மாமா."

"அவர்கள் நாளைக்கு டுபாய்க்குப் போய்விட்டால்?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கீழே இறங்கி காலி வீதியில் இருந்த புத்தகக் கடையில் 160 பக்கச் சி.ஆர். கொப்பி ஒன்றும் பேனா ஒன்றும் வாங்கிவந்து அவன் கையில் கொடுத்தேன். அலுவலகம் திறக்கிறவனுக்குக் குத்துவிளக்கு கொடுப்பார்கள், நீங்கள் கொப்பி கொடுக்கிறீர்களே என்றான். அந்தக் கொப்பிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது என்று சொன்னேன். அவனுக்கு அன்று நேரமிருக்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் அலுவலகத்தில் கம்பி என்றால் மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும்தான். அச்சுக்கூடத்தில் கையால் எழுத்துக் கோத்த காலம் அது. எழுத்துப் பெட்டியின் அறைகளில் எந்த எழுத்து எங்கே கிடக்கிறது என்று ஒரு துண்டுக் காகிதம்கூட ஒட்டப்பட்டிருக்காது. அச்சுக்கோப்பாளரின் விரல்கள் கண்ணை எதிர்பாராமல் தாமாகவே சென்று எடுக்கும். அதைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, தொழில் தெரிந்தவனுக்குப் பெயர்ச்சீட்டுத் தேவையில்லை என்ற எண்ணம் எனக்குள் வெகுகாலம் இருந்தது. ஆனால் எழுத்துப் பெட்டியின் அறைகள் ஒரு கூடத்தில் எல்லோருக்கும் ஒன்றே. ஒருவர் ஓய்வு பெற்றால் அடுத்தவர் அதே பெட்டியில் அதே இடத்தில் கை வைப்பார். கேபிளின் சங்கதி அப்படியல்ல.

1996இல் எங்கள் ஆசிரியபீடத்திற்குக் கணனிகள் வந்தபோது அவற்றைத் தொடுத்தது ஒரேயொரு கறுப்புக் கேபிள். தொலைக்காட்சி அன்ரனாவிலிருந்து வருவது போன்ற வட்டக் கேபிள். மேசைக்கு மேசை தாவித் தாவிச் சென்றது. ஒவ்வொரு கணனியின் பின்புறத்திலும் 'ரி' வடிவ இணைப்பான் ஒன்று. கேபிளின் இரண்டு அந்தங்களிலும் 50 ஓம் தடையுள்ள சிறு மூடி. ஒரு தொடர் 185 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. அதன் குணம் எப்படியென்றால், யாராவது மேசையைச் சற்று இழுத்து ஓர் இணைப்புக் கழன்றுவிட்டால் முழு அலுவலகமும் செத்துவிடும். அன்றைக்கு நாங்கள் அதைத் திட்டாத நாளில்லை. இருந்தாலும் பிழை கண்டுபிடிப்பது சுலபம். கேபிள் ஒன்றுதான் என்பதால் அதன் கூடவே நடந்து போனால் கழன்ற இடம் வந்துவிடும். சீட்டு ஒட்ட அவசியமே இல்லை.

1999இல் அதைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனிக் கேபிள் இழுத்தார்கள். இதுதான் இன்றுவரை எல்லா இடங்களிலும் இருக்கும் முறை. உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஒரு சோடியின் பேச்சு மற்றச் சோடிக்குக் கேட்காமல் இருக்கவே அந்த முறுக்கு. நான்கு சோடிகளும் ஒரே அளவில் முறுக்கப்பட்டிருப்பதில்லை என்பதைப் பின்னாளில் ஒரு துண்டை உரித்துப் பார்த்தபோதுதான் அறிந்தேன். ஒரு கேபிள் அறுந்தால் ஒரு மேசை மட்டுமே பாதிக்கப்படும். மிகப் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் எல்லாக் கேபிள்களும் ஓரிடத்திற்கு வந்து சேரும். எங்கள் கட்டடத்தில் அந்த இடம் மாடிப்படிக்குக் கீழே, தும்புத்தடியும் வாளியும் வைக்கும் சிறிய அறை. மூன்று தளங்களிலிருந்தும் 71 கேபிள்கள் அங்கே வந்து இறங்கின. நாங்கள் எண்ணிப் பார்த்த பிறகே அந்த 71 என்ற இலக்கம் தெரியும். அதுவரை 'கொஞ்சம்' என்றும் 'கன' என்றும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இரண்டு தடவையும் கேபிள் இழுத்தவர் எங்கள் மின்னியலாளரான பாஸ். மீரிகமையைச் சேர்ந்த சிங்களவர். சுவருக்குள் என்ன ஓடுகிறது என்பதை வெளியிலிருந்து தட்டிப் பார்த்தே சொல்லும் ஆற்றலுள்ளவர். "பாஸ், இதையெல்லாம் எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று ஒருநாள் கேட்டேன். "கொப்பி தொலைந்துவிடும் மாத்தயா, என் தலை தொலையாது" என்றார். 2001இல் அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அந்தத் தலையும் அவரோடு போனது. பிரியாவிடை விருந்தில் நானும் இரண்டு வார்த்தை பேசினேன். அவருடைய நேர்மையைப் பற்றியும் கடமையுணர்வைப் பற்றியும் பேசினேன். மாடிப்படிக்குக் கீழிருந்த அறையை ஒருவரும் நினைக்கவில்லை.

2003 மே 17ஆம் திகதி, சனிக்கிழமை.

சபரகமுவையிலும் தெற்கிலும் பெய்த பேய்மழையை அந்நாட்களில் இலங்கையில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இரத்தினபுரி நீரில் மூழ்கியது. மலைச்சரிவுகள் குடும்பம் குடும்பமாக மனிதரை விழுங்கின. 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாகப் பின்னர் கணக்கிடப்பட்டது. அன்று இரவு ஞாயிறு இதழின் பொறுப்பு என்னுடையது. அடையாளம் காணப்பட்டவர்களின் பெயர்களை எங்கள் பிரதேச நிருபர் விட்டு விட்டு வேலைசெய்த ஒரு தொலைபேசியில் சொல்லச் சொல்ல, தட்டச்சுப் பகுதிப் பெண்பிள்ளை ஒருவர் காதில் ஒலிவாங்கியை இடுக்கிக்கொண்டு நேரே கணனியில் அடித்து, பிரதான கணனியில் சேமித்துக்கொண்டிருந்தார். நாற்பதுக்கும் அதிகமான பெயர்கள். காகிதத்தில் ஒரு பிரதியும் இல்லை. சொல்லி முடித்ததும் அந்தத் தொலைபேசியும் செத்துவிட்டது.

நான் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் அமர்ந்து பெயர்களைச் சரிபார்ப்பதற்காக ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். மேசைக்குக் கீழே சிறிய சுவிட்ச் பெட்டி ஒன்று இருந்தது. ஐந்து கணனிகள் அதிலிருந்துதான் பிரிந்தன. அருகே ஒரு கேபிளின் முனை நிலத்தில் கிடந்தது. என் கதிரைதான் தட்டிவிட்டது என்று எண்ணினேன். குனிந்து அதை எடுத்து, அந்தப் பெட்டியில் காலியாக இருந்த துவாரத்தில் செருகினேன். 'டிக்' என்று பொருந்தியது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு நிமிர்ந்தேன்.

அந்தக் கேபிளின் மறுமுனை அதே பெட்டியில் ஏற்கெனவே செருகப்பட்டிருந்தது. யாரோ எதற்கோ கொண்டுவந்து, மிச்சமாக விட்டுப்போன துண்டு அது.

இப்படிச் செருகினால் என்ன நடக்கும் என்பதை இன்று ஒரு பாடசாலை மாணவனும் சொல்வான். ஒரு கணனி 'எல்லோருக்கும்' என்று அனுப்பும் சிறு செய்தி ஒரு வாசலால் வெளியேறி மறு வாசலால் உள்ளே வரும். மீண்டும் எல்லோருக்கும் அனுப்பப்படும், மீண்டும் வரும். முடிவே இல்லை. சில கணங்களில் வேறு எந்தச் செய்திக்கும் வழியில்லாமல் போய்விடும். இந்தச் சுற்றை அடையாளம் கண்டு தானாகவே ஒரு வழியை அடைத்துவிடும் முறையை ராடியா பேர்ள்மன் என்ற அமெரிக்கப் பெண் 1985இலேயே வகுத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் அந்த அறிவு விலை கூடிய சுவிட்ச்களுக்குள் மட்டுமே இருந்தது. எங்களுடையவை மலிவானவை.

பக்க வடிவமைப்பாளரின் திரை உறைந்தது. எட்டரை மணி. பிரதான கணனியில்தான் கோளாறு என்று அதை அணைத்துப் போட்டோம். அது எழும்பவே இருபது நிமிடங்கள் சென்றன. எழும்பியும் பயனில்லை. வைரஸ் என்றார் ஒருவர். வெளியிலிருந்து வரவேண்டிய தொழில்நுட்பவியலாளர் தெஹிவளையிலிருந்து மழையில் நனைந்து வந்து சேர்ந்தபோது ஒன்பதரை. மாடிப்படிக்குக் கீழிருந்த அறையைத் திறந்து பார்த்தார். எல்லா விளக்குகளும் ஓய்வில்லாமல் ஒன்றாக மினுங்கிக்கொண்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றிப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை என்றார். ஆனால் எந்தக் கேபிள் எதனுடையது என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. கணனிக் கேபிளும் தொலைபேசிக் கேபிளும் ஒரே நிறத்தில் கலந்து கிடந்தன. கழற்றினால் திருப்பி எங்கே செருகுவது? ஒரு சிகரெட் பெட்டியைக் கிழித்து, ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன்னர் அதன் இடத்தைக் குறித்துக் குறித்துக் கழற்றினார். நான் ரோர்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கேபிளைக் கழற்றியதும் எல்லா விளக்குகளும் அமைதியாகின. அப்போது நேரம் 10.40.

வெளிமாவட்டப் பதிப்பு 10.15க்கு அச்சுக்குப் போயிருந்தது. அந்தப் பதிப்பின் முதற்பக்கத்தில் பெயர்ப்பட்டியலுக்கு ஒதுக்கிய இடத்தில் பழைய வெள்ளப் படம் ஒன்று வந்தது. பின்னர் அச்சான கொழும்புப் பதிப்பில் பட்டியல் முழுமையாக வந்தது. அதாவது, யாருக்கு அந்தப் பெயர்கள் வேண்டுமோ அவர்களுக்குக் கிடைக்கவில்லை, வேண்டாதவர்களுக்குக் கிடைத்தது.

ஞாயிறு காலை பத்து மணியளவில் ஹற்றன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் ஊர்ப் பையன், பேப்பரில் பெயர்கள் வந்திருப்பதாகச் சொன்னானாம். இங்கே வந்த பேப்பரில் காணவில்லை, கொஞ்சம் வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். யாருடைய பெயரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. "நீங்க வாசிங்க ஐயா" என்றார். வாசித்தேன். ஒன்பதாவது பெயரில், "போதுங்க ஐயா" என்றார். ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது.

தட்டச்சுப் பகுதியின் ஐந்து கணனிகள் மட்டும் அன்றும் இயங்கவில்லை. முதல் நாள் கழற்றியது அவர்களுடைய கேபிள்தான் என்பது திங்கட்கிழமையே தெரியவந்தது. மேசைக்குக் கீழே அந்தச் சுற்றைக் கண்டுபிடித்துவிட்டு, "எந்த மடையன் இதைச் செருகினது?" என்று தொழில்நுட்பவியலாளர் கேட்டபோது நான் அங்கேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஆசிரியரின் அறைக்குச் சென்று, அந்த மடையன் நான்தான் என்றேன். அவர் நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, அப்படியென்றால் இதை ஒழுங்குபடுத்தும் வேலையையும் நீரே எடும்" என்றார். தண்டனையாகச் சொன்னாரா, என் மனம் ஆறட்டும் என்று சொன்னாரா என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை.

உதவிக்கு ஓர் இளைஞனை நியமித்தார்கள். வடமராட்சிப் பையன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டுப் புதிதாக வந்தவன். ஐம்பது வயது கடந்த செய்தி ஆசிரியரும் இருபத்திரண்டு வயதுப் பையனும் ஏணியும் கையுமாகத் திரிவதைப் பார்த்து அலுவலகமே சிரித்தது. இரவு பதினொரு மணிக்குப் பின்னரே எங்கள் வேலை. அவனிடம் இரண்டு துண்டுக் கருவி ஒன்று இருந்தது. ஒரு துண்டை மேசைப்பக்க முனையில் பொருத்தினால் அது கேபிளுக்குள் ஒரு ஒலிக்குறியை அனுப்பும். மற்றத் துண்டை அறையில் உள்ள கேபிள்களுக்குக் கிட்டக் கொண்டுபோனால், சரியான கேபிள் வந்ததும் குருவிபோல் கத்தும். ஆளில்லாத கட்டடத்தில் அந்தக் குருவிச் சத்தத்தைத் தேடி இரவிரவாகத் திரிந்தோம். நான் மாடியிலிருந்து "பிடிபட்டதா தம்பி?" என்று கத்துவேன். கீழிருந்து "இன்னும் இல்லை சேர்" என்று பதில் வரும்.

ஆறு இரவுகளில் 46 கேபிள்கள் பிடிபட்டன. மிச்சம் 25. அவற்றின் மறுமுனை எங்கே என்று தெரியவில்லை. மேசைகள் இடம்மாறியிருந்தன. அறைகள் பலகை அடித்துப் பிரிக்கப்பட்டிருந்தன. பையன் கூரைப் பலகை ஒன்றை அகற்றித் தலையை உள்ளே விட்டபோது, "சேர், இதிலை ஏதோ சுத்தியிருக்குது" என்றான். ஒவ்வொரு கேபிளிலும் மின்னியலாளர்கள் பாவிக்கும் ரேப், வளையம் வளையமாகச் சுற்றப்பட்டிருந்தது. சிலவற்றில் சிவப்பு, சிலவற்றில் மஞ்சள், சிலவற்றில் நீலம். சிலவற்றில் இரண்டு வளையம், சிலவற்றில் தடித்த ஒன்றும் மெல்லிய மூன்றும். பாஸ் எழுதித்தான் வைத்திருக்கிறார். நமக்குத் தெரியாத ஒரு லிபியில் எழுதியிருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் பையனும் கோட்டையில் ரயிலேறி மீரிகமைக்குப் போனோம். பாஸ் வீட்டு முற்றத்தில் கொய்யா மரத்தின் கீழ் அமர்ந்திருந்தார். சற்று மெலிந்திருந்தார். எங்கள் வரைபடத்தைத் திண்ணையில் விரித்தோம். நிறங்களைப் பற்றிக் கேட்டதும் இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தார். சிவப்பு, மஞ்சள், நீலம் என்பது மும்முனை மின்சாரத்தின் மூன்று முனைகளைக் குறிக்கும் வழமையான நிறங்கள்; அதே வரிசையில் மூன்று தளங்கள். வளையங்களின் எண்ணிக்கை, தெருப்பக்க யன்னலிலிருந்து எண்ணிவரும்போது எத்தனையாவது மேசை என்பது. தடித்த வளையம் என்றால் ஐந்து. எவ்வளவு அழகான ஒழுங்கு! ஒரேயொரு குறை, அந்த மேசைகள் இப்போது அங்கே இல்லை.

பாஸ் கண்களை மூடிக்கொண்டார். 1999இல் கட்டடம் எப்படி இருந்ததோ அப்படியே, அறை அறையாக நடந்து சொல்லத் தொடங்கினார். "இங்கே விளம்பரப் பகுதி அம்மாவின் மேசை. அதற்குப் பின்னால் இரும்பு அலுமாரி. அலுமாரிக்குப் பின்னால் சுவரில் பெட்டி இருக்கிறது, பலகை அடித்து மூடிவிட்டார்கள், நான் வேண்டாம் என்று சொன்னேன்." பையன் சிங்களம் அறிந்தவனல்ல. நான் மொழிபெயர்க்க அவன் குறித்துக்கொண்டே வந்தான். பகல் சாப்பாடும் அங்கேயே. புறப்படும்போது 17 கேபிள்களுக்கு இடம் தெரிந்திருந்தது. மிச்சம் எட்டை அவராலும் சொல்ல இயலவில்லை. "எனக்குப் பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்றார் சற்றுக் கோபமாக. படலை வரை வந்து, "கொப்பி எழுதியிருக்கலாம் மாத்தயா" என்றார். அடுத்த ஆண்டு அவர் காலமானார். அன்று நாங்கள் போயிராவிட்டால் அந்தப் பதினேழும் போயிருக்கும்.

அடுத்தது பெயர் வைப்பது. இதில்தான் பையனுக்கும் எனக்கும் சச்சரவு ஏற்பட்டது. எந்த மேசைக்குப் போகிறதோ அங்கே இருப்பவரின் பெயரை எழுதிவிடலாம் என்பது என் யோசனை. செய்தியில் முதலில் பெயரைத் தேடுகிறவன் அல்லவா! அவன் மறுத்தான். அவன் சொன்னதற்கு ஆதாரம் அறைக்குள்ளேயே கிடந்தது. மொத்தம் 71 கேபிள்களில் ஒன்றேயொன்றில் மட்டும் மாஸ்கிங் ரேப் துண்டில் பேனாவால் ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தது. அது என் நண்பரின் கையெழுத்து. எங்கள் ஆசிரியபீடத்தில் இருந்தவர். 2000ஆம் ஆண்டில் தொலைபேசியில் சில குரல்கள் வரத் தொடங்கிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை வழமைபோல் வேலை முடித்து, மேசையைப் பூட்டி, சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனவர். திங்கட்கிழமை அவர் நாட்டில் இல்லை. அதன் பின்னர் அந்த மேசையில் மூன்று பேர் மாறி மாறி இருந்துவிட்டார்கள். கேபிளுக்கு மட்டும் அவர் இன்னும் போகவில்லை. போதாக்குறைக்கு, அதே பெயருடைய வேறொருவர் முதலாம் தளத்தில் விளையாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்திருந்தார். அவருடைய கணனியில் கோளாறு என்று வந்த ஒருவர், பெயரைப் பார்த்து இந்தக் கேபிளைக் கழற்றி அரைநாளை வீணாக்கிய கதையும் உண்டு.

"ஆக்கள் போவினம், வருவினம் சேர். சுவர் போகாது. சுவருக்குத்தான் நம்பர் குடுக்கவேணும்" என்றான் பையன்.

இந்தத் துறைக்கென்று அமெரிக்கர்கள் 1993இல் ஒரு நியமத்தையே வகுத்திருக்கிறார்கள் என்பதையும் அவனே சொன்னான். 606 என்பது அதன் இலக்கம். 2002இல் திருத்தப்பட்டது, அதற்குப் பின்னரும் திருத்தப்பட்டு வருகிறது. சாரம் இவ்வளவுதான்: ஒவ்வொரு கேபிளுக்கும் வேறெதற்கும் இல்லாத ஓர் இலக்கம் இருக்கவேண்டும். இரு முனைகளிலும் அதே இலக்கம் ஒட்டப்படவேண்டும். அந்த இலக்கத்திற்கு ஒரு பதிவு இருக்கவேண்டும். பாஸின் வளையங்களில் முதல் இரண்டும் ஏறக்குறைய இருந்தன, மூன்றாவது இல்லை. பத்திரிகை நூலகத்தில் திகதி எழுதப்படாத செய்தித் துணுக்குகளை நாங்கள் எறிந்துவிடுவதுண்டு. அது எதுவென்று நினைத்துப் பார்த்தபோது எனக்கு விளங்கியது.

ஆகவே தளம், சுவர்ப் பெட்டி என்ற ஒழுங்கில் இலக்கங்கள் கொடுத்தோம். நண்பரின் மேசைக்கு 2-17. இலக்கத்தால் இன்னொரு நன்மை: எங்கள் கட்டடத்தில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் வேலை செய்தார்கள், இலக்கத்தை எல்லோரும் வாசிப்பார்கள். பெயர்களை எழுதி வைக்காததில் எனக்கு உள்ளூர ஓர் ஆறுதலும் இருந்தது. இந்த நாட்டில் ஒரு காலத்தில் ஒரு சுற்றிவளைப்புக்கு முந்திய இரவில் என் தொலைபேசி இலக்கக் கொப்பியைக் குசினி அடுப்பில் போட்டவன் நான். எழுதி வைக்காமல் விடுவதற்கு நாங்கள் பழகிக்கொண்டதற்கு எப்போதும் சோம்பல் மட்டுமே காரணமல்ல.

ஒட்டும் வேலையில் முதலில் மாஸ்கிங் ரேப்பையே பாவித்தோம். கொழும்பின் புழுக்கத்தில் மூன்று வாரத்தில் பசை காய்ந்து உதிர்ந்தது. எஞ்சியவற்றில் மை பரவியது. பின்னர் பிரதர் நிறுவனத்தின் கையடக்க அச்சுக் கருவி ஒன்றை வாங்கினோம். அதன் நாடாவில் எழுத்தின் மேல் மெல்லிய பிளாஸ்ரிக் படலம் இருப்பதால் அழியாது. ஆசிரியர் விலையைக் கேட்டு முகம் சுளித்தார். நான் மே 17ஐப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். கையொப்பமிட்டார். சீட்டை முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒட்டினால் கேபிள்கள் சேர்ந்து கட்டுப்படும்போது உள்ளே மறைந்துவிடும். செருகிக்கு மிகக் கிட்ட ஒட்டினால், செருகி பழுதாகி வெட்டும்போது சீட்டும் சேர்ந்து போய்விடும். இரண்டு தவறுகளையும் செய்தே கற்றோம். தொலைபேசிக் கேபிள்களுக்கு மஞ்சள் நாடா, கணனிக்கு வெள்ளை.

இன்னொரு விடயம். கேபிளின் எட்டுக் கம்பிகளைச் செருகியில் அடுக்குவதற்கு ஏ, பி என்று இரண்டு ஒழுங்குகள் இருக்கின்றன. பச்சைச் சோடியும் செம்மஞ்சள் சோடியும் இடம்மாறியிருப்பதே வித்தியாசம். எதையும் பாவிக்கலாம், இரு முனையிலும் ஒன்றையே பாவிக்கவேண்டும். ஒரு முனையில் ஏ, மறு முனையில் பி என்று செய்தால் அது இரண்டு கணனிகளை நேரே இணைப்பதற்கான குறுக்குக் கேபிள். அப்படியொன்று அடையாளமில்லாமல் எங்கள் லாச்சியில் கிடந்து, இரண்டு நாட்கள் எங்களைப் பைத்தியமாக்கியது. இக்காலக் கருவிகள் தாங்களாகவே இதைச் சமாளித்துக்கொள்கின்றன. அக்காலத்தில் அப்படியல்ல. நாங்கள் எந்த ஒழுங்கைப் பாவித்தோம் என்பதை கொப்பியின் முதற்பக்கத்திலேயே எழுதி வைத்தோம்.

கொப்பி என்றேன் அல்லவா, அதுதான் முக்கியம். இலக்கம், எங்கிருந்து, எங்கே, பட்ச் பனலில் எத்தனையாவது துவாரம், பரிசோதித்த திகதி, செய்தவரின் சுருக்கொப்பம் ஆகியவை இடப்பக்கத்தில் இருக்கும். வலப்பக்கம் வெறுமையாக, பின்னர் வரும் மாற்றங்களுக்கு. பையன் இதையெல்லாம் எக்செல்லில் போட்டு பிரதான கணனியில் வைத்துவிடலாம் என்றான். "தம்பி, வலையமைப்பு விழுந்துகிடக்கும்போது அதை எப்படித் திறப்பீர்?" என்றேன். அந்தச் சச்சரவில் மட்டும் வெற்றி எனக்கு. கணனியிலும் வைத்தோம், ஒரு பிரதியை அச்சிட்டு அறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டினோம், கொப்பியை ஒரு நூலில் கட்டி ஆணியில் தொங்கவிட்டோம். பேனாவையும் கட்டினோம். பேனாவைக் கட்டாவிட்டால் ஒருவரும் எழுதமாட்டார்கள்.

எழுதாமல் கழற்றுகிறவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை பையன் ஏதாவது பத்துக் கேபிள்களைத் தெரிவுசெய்து கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்துவான். நான் ஒப்புநோக்கிய எத்தனையோ ஆயிரம் பக்கங்களைவிட அந்தப் பக்கங்களைப் பார்க்க எனக்கு ஆசை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது, பெயர்ப் பட்டியல்கள் ஐந்தும் ஆறுமல்ல, பக்கம் பக்கமாக வந்தன. அந்த வாரத்தில் ஒரு சுவிட்ச் எரிந்தது. நாற்பது நிமிடங்களில் வேறொன்றைப் போட்டு எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் செருகிவிட்டான். பட்டியல்கள் எல்லாப் பதிப்பிலும் வந்தன.

நண்பரின் பெயர் எழுதிய மாஸ்கிங் ரேப் துண்டை எறிய மனம் வரவில்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். ரொறொன்ரோவிலிருந்து ஒருமுறை அவர் பேசியபோது இதைச் சொன்னேன். வெகுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "இப்ப அந்த யன்னலாலை வேப்பமரம் தெரியுதே?" என்று கேட்டார். வெட்டிவிட்டார்கள் என்று சொல்ல மனமில்லாமல், தெரிகிறது என்றேன். கனடாவிலிருந்து இதை வாசிப்பார். மன்னிப்பார்.

அந்த எட்டுக் கேபிள்களின் கதையையும் சொல்லவேண்டும். ஆறு, பலகை அடித்து மூடிய சுவர்ப் பெட்டிகளில் கிடந்தன. ஒன்றைக் கூரைக்குள் எலி அறுத்திருந்தது. எட்டாவதை மட்டும் எங்களால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. குருவி எங்கும் கத்தவில்லை. கூரையில் பத்தடி ஓடிச் சுவருக்குள் இறங்கி மறைந்தது. வெட்டிவிடலாமா என்று கேட்டேன். பையன் சற்று யோசித்துவிட்டு அதற்கும் 71 என்று சீட்டு ஒட்டினான். கொப்பியில் தமிழில் எழுதி, கீழே என்னிடம் கேட்டுச் சிங்களத்திலும் எழுதினான்: 'மறுமுனை தெரியாது. வெட்டவேண்டாம்.'

2011இல் அந்தக் கட்டடத்தை விட்டு நாங்கள் வெளியேறினோம். கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு, கொப்பியைப் புதிதாக வந்த நிறுவனத்தாரிடம் கொடுத்தேன். முதற்பக்கத்தில் என் தொலைபேசி இலக்கம் இருந்தது. மூன்று நான்கு வருடங்களின் பின்னர் ஒரு பிற்பகலில் அறியாத ஒருவர் சிங்களத்தில் பேசினார். அந்த அலுவலகத்தின் கணனிப் பகுதியில் இருக்கிறாராம்.

"சேர், இந்த 71 எங்கே போகிறது?"

"தெரியாது என்றுதானே எழுதியிருக்கிறோம்" என்றேன்.

"ஓம் சேர். பின்னர் கண்டுபிடித்திருப்பீர்களோ என்று கேட்டேன்."

"இல்லை. நீங்கள் வெட்டிவிட்டீர்களா?"

"இல்லை சேர். வெட்டவேண்டாம் என்று எழுதியிருக்கிறதே."